குளிர்நாட்டு வாழையும் ஒரு ‘ஓம் சேர்’ கதையும்

புதிதாக நியமனம் பெற்று வந்திருக்கும் விவசாயப் போதனாசிரியர்களுக்கு நாலு நல்ல விஷயம் எழுதித் தாருங்கள் என்று அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். இரண்டு தரம் தட்டிக் கழித்தேன். மூன்றாம் தரம் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். உள்ளதைச் சொன்னால், யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்கும் ஆசை இப்போது எனக்கு இல்லை. முப்பத்தொரு வருஷம் சொல்லிச் சொல்லியே தொண்டைத் தண்ணீர் வற்றிப்போன ஆள் நான். கந்தளாயில் நெல்லுக்குச் சொன்னேன். தோப்பூரில் வாழைக்குச் சொன்னேன். இலங்கைத்துறையில் மீன்பிடிக்கிற சனத்திடம் போய் வீட்டுத்தோட்டம் போடுங்கள் என்றும் சொன்னேன். அவர்கள் நல்ல மனிதர்கள், தேநீர் தந்து அனுப்பினார்கள்.

ஆகவே நல்ல விஷயம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். நான் விட்ட பிழை ஒன்றை எழுதுகிறேன். அது நடந்தது நம் மண்ணில்கூட இல்லை. இங்கிலாந்தின் வடக்கே, உறைபனி விழும் ஊர் ஒன்றில், ஒரு முதியோர் இல்லத்து முற்றத்தில் நின்ற ஆறு வாழைகளுக்கு நடந்தது. ஆனால் பிழை இங்கேதான் பிறந்தது, கந்தளாய்க் குளக்கட்டில், நடு மத்தியானத்தில், என் வாயில்.

அதற்கு முதல் ஒரு சின்னச் சங்கதி. வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மூதூருக்கு லோஞ்சுப் படகில்தான் போவோம். சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு துறைமுகத்தைக் குறுக்கறுத்துப் போய் இறங்கினால், அங்கிருந்து தோப்பூர் வரை மிதிக்க வேண்டும். நாள் முழுக்க வெயிலில் ஆலோசனை சொல்லிவிட்டு, பின்னேரம் அலுவலகத்துக்கு வந்து களக் குறிப்பேட்டில் எழுதுவேன்: ‘விவசாயி ஆலோசனையை ஏற்றுக்கொண்டார்.’ எல்லாப் பக்கத்திலும் அதே வசனம். அவர் ‘ஓம் சேர்’ என்று சொன்னார், ஆகவே ஏற்றுக்கொண்டார். அவ்வளவுதான் என் கணக்கு. எனக்கு மேலே இருந்த பெரியவர் ஒருநாள் அந்தக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தார். “இத்தனை பேரும் ஏத்துக்கொண்டால் நாடு எப்பவோ முன்னேறியிருக்கோணுமே தம்பி” என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார். பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

தவமணியைத் தெரிந்துகொண்டது தோப்பூரில். வாழை வைத்திருந்த பெண். கதலியும் மொந்தனும் ஒரு ஏக்கர். கையில் மண் பட்டால் முகம் மலருகிற சாதி. அவருடைய தோட்டத்தைத்தான் நான் மாதிரித் தோட்டமாக எடுத்தேன். மற்ற விவசாயிகளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து காட்டுவேன். வாழைக்கு நான் சொல்வது ஒரே பாட்டு. ஒரு வாழை அடியில் மூன்று மரம்தான் நிற்க வேண்டும்: தாய், மகள், பேத்தி. மிச்சக் குட்டிகள் எல்லாம் தாயின் சாப்பாட்டில் பங்கு கேட்கிற ஆட்கள். அலவாங்குக் கடப்பாரையால் கிண்டி எடுத்து எறி. தவமணியின் தோட்டத்தில் எந்த அடியில் எண்ணினாலும் மூன்று. நாலாவது ஒன்றைக் கண்டதே இல்லை. எனக்குப் பெருமை பிடிபடாது.

பிறகு அவருடைய கணவருக்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு போய்விட்டார்கள். கொஞ்சக் காலம் செய்தி இல்லை. என் ஓய்வுக்கு மூன்று நாலு மாதம் இருக்கும்போது வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. வாழைத் தோப்பு என்று நினைத்தேன். உற்றுப் பார்த்தால் பின்னால் செங்கல் கட்டடம், கண்ணாடி யன்னல், யன்னலுக்குள் வெள்ளைக்கார முதியவர்கள் சாப்பாட்டு மேசையில் இருக்கிறார்கள். கீழே ஒரு வரி: ‘சேர், இஞ்சயும் வாழை நிக்குது.’

யப்பான் வாழை என்று சொல்வார்களாம். பழம் தின்கிற வாழை இல்லை. இலைக்காக, பார்க்கிற அழகுக்காக வைப்பது. மற்ற வாழைகளைவிடக் குளிர் தாங்கும். தவமணிக்கு அந்த முதியோர் இல்லத்தில் சலவை அறையில் வேலை. முன்னர் தோட்டம் பார்த்த மனிதர் முழங்கால் இயலாமல் நின்றுவிட, “நான் வாழை வச்சிருந்தனான், எனக்குத் தாங்கோ” என்று இவர் போய்க் கேட்டிருக்கிறார். இல்லத்தைப் பொறுப்பாகப் பார்க்கிற அம்மணி யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டாராம். இந்தக் குளிர்காலம் ஒன்றைப் பார்ப்போம். ஆறு வாழையும் தப்பி வந்தால் தோட்டம் உன்னுடையது. இல்லாவிட்டால் வெளியே ஒரு தோட்டக் கம்பனியைப் பிடிப்போம், நீ பழையபடி சலவை அறைக்குப் போ.

இதை எனக்குச் சொல்லும்போது தவமணி கமராவைத் தன் கைப்பக்கம் திருப்பினார். சலவை மருந்து பட்டு விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது.

“இரவில எரிவு தாங்கேலாது சேர். இந்தத் தோட்டம் எனக்குக் கிடைக்கோணும்.”

“கிடைக்கும் பிள்ளை. வாழை எண்டால் உங்களுக்குத் தெரியாததோ?” என்றேன்.

அந்தப் பேச்சு நடந்து இரண்டு கிழமைக்குப் பிறகுதான் விஷயம். ஐப்பசி மாதம். கந்தளாய்க் குளக்கட்டில் வாய்க்கால் தண்ணீர் பற்றி ஒரு தகராறு. ஏழெட்டு விவசாயிகள் என்னைச் சுற்றி நிற்கிறார்கள். வெயில் உச்சியைப் பிளக்கிறது. போன் அடித்தது. தவமணி, வீடியோவில். அங்கே காலை நேரம். அவர் பேசப் பேச வாயிலிருந்து புகை வந்தது.

“சேர், நாலு நாளில உறைபனி வருமாம், ரேடியோவில சொல்லுறாங்கள். வாழைக்கு என்ன செய்யிறது? ஒவ்வொரு அடியிலும் அஞ்சாறு குட்டி நிக்குது.”

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் தலையை நீட்டி என் போனைப் பார்த்தார்கள். ஒருவர் மற்றவருக்குச் சொன்னார்: “பார் மச்சான், எங்கட சேர் லண்டனுக்கும் வகுப்பு எடுக்கிறார்.”

தம்பிமாரே, தங்கைமாரே, இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். குளிர்நாட்டு வாழையைப் பற்றி எனக்கு அப்போது ஒரு மண்ணும் தெரியாது. நான் வாழ்நாளில் உறைபனியைக் கண்டதில்லை. எங்கள் குளிர் ஊர் நுவரெலியாவுக்கே இரண்டு தரம்தான் போயிருக்கிறேன், இரண்டு தரமும் கல்யாண வீடு. “தெரியாது பிள்ளை, விசாரிச்சுச் சொல்லுறன்” என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? மூச்சு விடுகிற நேரம். ஆனால் லண்டனுக்கு வகுப்பு எடுக்கிற சேர் எப்படித் தெரியாது என்று சொல்வார்?

“இதென்ன காடோ, தோட்டமோ?” என்றேன், எல்லாருக்கும் கேட்க. “நான் என்ன சொல்லித்தந்தனான்? தாய், மகள், பேத்தி. மூண்டை விட்டிட்டு மிச்சத்தைக் கிண்டி எறியுங்கோ. பலம் முழுக்க அந்த மூண்டுக்கும் போகும். பலமா நிண்டால் குளிரைத் தாங்கும்.”

தவமணி கொஞ்சம் தயங்கினார். “குளிர் வர முன்னம் கிழங்கில அலவாங்கு போடலாமோ சேர்?”

“ஐப்பசிதானே பிள்ளை? இஞ்ச நாங்கள் ஐப்பசியிலதானே குட்டி கிண்டுறனாங்கள்?”

“ஓம் சேர்” என்றார்.

போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு வாய்க்கால் தகராறுக்குத் திரும்பினேன். அன்று அவர்கள் என் பேச்சை முன்னெப்போதையும்விட மரியாதையாகக் கேட்டார்கள். அதுவும் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

மறுநாள் அலுவலகத்தில் தேநீர் நேரம். எங்களோடு கிண்ணியாக்காரர் ஒருவர் வேலை செய்தார். இங்கே மாற்றலாகி வருமுன் மலைநாட்டில் பல வருஷம் மரக்கறித் தோட்டங்களோடு மல்லுக்கட்டியவர். அவரிடம் நான் என் லண்டன் வகுப்பைப் பெருமையாகச் சொன்னேன். மனிதர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

“என்ன வேலை பார்த்து வச்சிருக்கீங்க நீங்க?” என்றார். “நமக்கு ஐப்பசி எண்டால் மழை தொடங்குது, எல்லாம் வளரப்போகுது. கிழங்கில காயம் போட்டாலும் பத்து நாளில ஆறிடும். அங்க ஐப்பசியோட எல்லாம் நிண்டு போகும். காயம் ஆறாது. வெட்டின இடத்தால ஈரமும் குளிரும் இறங்கி, கிழங்கு அப்படியே அழுகும். மேல நிக்கிற தண்டு செத்தாலும் கீழ கிழங்கும் குட்டியும் கிடந்தால் கோடையில திரும்ப வரும். அந்தக் குட்டியை எறியச் சொல்லி இருக்கீங்களே!”

“அப்ப என்ன செய்திருக்கோணும்?”

“அடியைத் தொடாமல் நல்லாச் சருகு, வைக்கோல் போட்டு மூடி விட்டிருக்கோணும். அவ்வளவுதான். இப்பவே போன் பண்ணுங்க.”

இப்பவே என்றுதான் சொன்னார். நான் அவருக்குப் போன் எடுக்கவில்லை.

அன்று எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை. அங்கே நேரம் சரியில்லை, வேலையில் இருப்பார், சிக்னல் இல்லை என்று எனக்கு நானே ஆயிரம் சாட்டுச் சொன்னேன். உண்மை ஒன்றுதான். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு விவசாயியிடம் ‘நான் சொன்னது பிழை’ என்று நான் சொன்னதே இல்லை. அந்த வசனம் வாயில் வரவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

மூன்றாம் நாள் எடுத்தேன்.

“கிண்டிட்டன் சேர். ஆறு அடியும். நேற்றுப் பின்னேரம்தான் தொடங்கி முடிச்சனான்.”

நேற்றுப் பின்னேரம். நான் முதல் நாளே எடுத்திருந்தால் ஒன்றுக்கும் அலவாங்கு பட்டிருக்காது.

“பிள்ளை, நான் சொன்னது பிழை” என்றேன். ஒருமாதிரிச் சொல்லி முடித்தேன். கிண்ணியாக்காரர் சொன்னதையும் சொன்னேன். ஏசினால் நல்லது என்று நினைத்தேன். ஏசவில்லை.

“இனி என்ன சேர் செய்யிறது?” என்று மட்டும் கேட்டார்.

தெரிந்ததைச் சொன்னேன். சலவை அறையில் கழித்துப் போட்ட பழைய போர்வைகளை எடுத்து அடிகளைச் சுற்றிக் கட்டினார். மேலே சருகு குவித்தார். உறைபனி அடுத்த நாள் விடிய வந்தது. படம் அனுப்பினார். ஆறு வாழையும் கறுத்துத் தொங்கின.

கிண்டி எடுத்த குட்டிகள் எங்கே என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. எறியச் சொன்னேன், ஓம் சேர் என்றார், எறிந்திருப்பார்.

தை மாதம் நான் ஓய்வு பெற்றேன். மண்டபத்தில் பொன்னாடை போர்த்தினார்கள். ஒவ்வொருவராக எழும்பி, சேரின் ஆலோசனையால் உயர்ந்த விவசாயிகள் எத்தனை பேர் என்று பேசினார்கள். நான் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த வெடித்த விரல்கள்தான் கண்ணுக்குள் நின்றன. எப்போது எழும்பி வீட்டுக்குப் போகலாம் என்று இருந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்கத் தவமணி எனக்குப் போன் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. என்ன கேட்பது?

சித்திரை பிறந்து சில நாளில் போன் வந்தது. வீடியோ. முற்றத்தில் நிற்கிறார். போர்வைகளை அவிழ்த்துப் போட்டிருந்தார். ஒரு அடிக்குள் கையை வைத்துக் காட்டினார். விரல் அப்படியே உள்ளே போனது. கரைத்த பழப்புளி மாதிரி இருந்தது.

“ஆறும் இப்படித்தான் சேர். ஒண்டும் மிச்சமில்லை. திங்கக்கிழமை அம்மணி வந்து பார்ப்பாவாம்.”

“பிள்ளை, போனை அவவிட்டக் குடுங்கோ. நான் கதைக்கிறன். பிழை என்ர, உங்கட இல்லை எண்டு சொல்லுறன். எனக்குத் தெரிஞ்ச இங்கிலிசில சொல்லுறன்.”

தவமணி சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே நடந்தார். கமரா ஆடியது. ஒரு கதவு, படிகள், ஒரு நீளமான அறை. சுவரோடு வெந்நீர்க் குழாய்கள் ஓடுகிற அறை. குழாய்களுக்குக் கீழே வரிசையாகச் சலவைத் தொட்டிகள். ஒவ்வொரு தொட்டியிலும் காய்ந்த மண்ணில் சாய்த்து வைத்த வாழைக்குட்டிகள். சிலதில் பச்சைக் குருத்துச் சுருள் வெளியே வந்திருந்தது.

போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தேன்.

“நீங்கள் எறியச் சொன்னீங்கள். நான் எறியேல்ல சேர்.”

“ஓம் சேர் எண்டு சொன்னீங்களே?”

“சொன்னனான்தான். ஓம் சேர் எண்டு சொல்லாட்டி நீங்கள் போனை வைப்பீங்களோ?” என்றார். பிறகு, சொல்லலாமா விடலாமா என்று யோசிப்பவர்போல நின்று, சொன்னார்: “தோப்பூரிலயும் நான் ஒரு நாளும் குட்டி எறிஞ்சதில்லை. நீங்கள் போனாப்பிறகு வேலிக்கு அங்கால, மாமியின்ர வளவில கொண்டுபோய் வச்சிடுவன். ஒருக்காப் பெருங்காத்து அடிச்சு மாதிரித் தோட்டம் முழுக்க முறிஞ்சு விழுந்ததெல்லோ? அடுத்த வருஷம் நீங்கள் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டின வாழை எல்லாம் மாமியின்ர வளவுக் குட்டிதான்.”

அந்த வருஷம் எனக்கு நினைவிருக்கிறது. சரியான முறையில் பராமரித்தால் புயலுக்குப் பிறகும் தோட்டம் எழும்பும் என்று வான் வண்டியில் வந்த எல்லாருக்கும் வகுப்பு எடுத்தேன். குறிப்பேட்டிலும் எழுதினேன். மாமியின் வளவு வேலிக்கு அங்கால் பத்து அடி. ஒரு நாள் எட்டிப் பார்த்ததில்லை.

“ஏன் பிள்ளை அப்பவே எனக்குச் சொல்லேல்ல?”

“சொன்னால் உங்களுக்கு மனம் நோகும். நீங்கள் அவ்வளவு தூரம் வெயிலில வாறனீங்கள்.”

கேட்டீர்களா? முப்பத்தொரு வருஷம் நான் அவர்களுக்கு உதவி செய்கிறேன் என்று நினைத்தேன். அவர்கள் என் மனம் நோகாமல் பார்த்திருக்கிறார்கள். கந்தளாயில், தோப்பூரில், இலங்கைத்துறையில் எனக்குக் கிடைத்த ‘ஓம் சேர்’ எல்லாவற்றையும் அன்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எத்தனை ‘விளங்கிவிட்டது’, எத்தனை ‘சரி, இனி நீங்கள் போகலாம்’? எனக்கு இனித் தெரிய வழியில்லை.

ஆனால் ஒன்று கேட்டேன். “குட்டி எறியிறது பிழை எண்டு தெரிஞ்ச ஆள், கிழங்கில ஏன் பிள்ளை அலவாங்கு போட்டனீங்கள்?”

“எனக்கு உறுதியாத் தெரியாது சேர். இந்தக் குளிர் எனக்கும் புதுசுதானே? பாதி உங்களை நம்பினன். பாதி என்னை நம்பினன்.”

குற்றம் சொல்லும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. ஆனால் கணக்குத் தெளிவாக இருந்தது. அவர் தன்னை நம்பிய பாதி குழாய்க்குக் கீழே உயிரோடு இருந்தது. என்னை நம்பிய பாதி முற்றத்தில் அழுகிக் கிடந்தது. இதை நான் மறக்கவில்லை. நீங்களும் எங்காவது எழுதி வையுங்கள், குறிப்பேட்டில் வேண்டாம்.

திங்கட்கிழமை அம்மணி வந்தார். அவருக்குத் திருப்தி இல்லை. ஆள் உயரத்துக்கு மேல் நின்ற வாழை போய், முழங்கால் உயரக் குட்டி. இலை யன்னலுக்கு எட்டுமா என்று கேட்டாராம். கோடை முடியுமுன் எட்டும் என்று தவமணி சொன்னார். எட்டாவிட்டால் சலவை அறை என்று அம்மணி சொன்னார். தவமணி அழுகின மண்ணை அகற்றிப் புதுமண் போட்டு, கிழமைக்கு இரண்டு தரம் எரு கரைத்து ஊற்றியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் படம் மட்டும் வரும். இங்கே என் வளவில் துறைமுகக் காற்று கதலி இலையைக் கிழித்துக்கொண்டிருக்கும். நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, யன்னலுக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஆவணி நடுவில் ஒரு படம். சாப்பாட்டு அறை யன்னலில் ஓர் இலை முட்டிக்கொண்டு நின்றது. உள்ளே ஒரு முதியவர் தன் கதிரையை அந்த யன்னலடிக்கு நகர்த்தி வைத்திருந்தார். அடுத்த கிழமை வந்த படத்தில் வாழை இல்லை. ஒரு உள்ளங்கையும் அதில் ஒரு திறப்பும். தோட்டத்து மண்வெட்டி, கத்தி வைக்கிற அறையின் சாவி. விரல்களில் வெடிப்பு ஆறத் தொடங்கியிருந்தது. நான் அழுதேன். வயது போனால் இப்படித்தான்.

உங்களுக்குப் பாடமாக என்ன சொல்வது? தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், பிழை விட்டால் அன்றைக்கே போனை எடுங்கள். இதைத்தான் எல்லாரும் உங்களுக்குச் சொல்லப்போகிறார்கள், நீங்களும் தலையாட்டப்போகிறீர்கள். தலையாட்டுவது என்னவென்று எனக்கு இப்போது தெரியும்.

கடைசியாக நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். சென்ற ஐப்பசியில் தவமணி எனக்குப் போன் எடுத்தார்.

“சேர், இந்த முறை குளிருக்கு நான் செய்யப்போறதைச் சொல்லட்டோ? கேட்டிட்டுச் சொல்லுங்கோ.”

சொன்னார். மண் சூடாக இருக்கும்போதே, ஆவணிக் கடைசியில், அடிக்கு ஒரு குட்டி மட்டும் எடுத்துக் குழாய் அறையில் வைத்துவிட்டாராம். காயம் ஆறிவிட்டதாம். மிச்சத்தை இனித் தொடமாட்டாராம். முதல் உறைபனியில் இலை கருகினதும் தண்டை இடுப்பளவில் வெட்டி, சுற்றிக் கம்பிவலை அடித்து, உள்ளே காய்ந்த வைக்கோலை இறுக்கி அடைத்து, மேலே மழை இறங்காமல் தகடு போடப்போகிறாராம். ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னார். வைக்கோலை அவ்வளவு இறுக்கினால் காற்றோட்டம் இருக்காதே என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. வாயைத் திறந்தும்விட்டேன். பிறகு நினைத்துப் பார்த்தேன், அந்தக் குளிரில் ஒரு குளிர்காலம் நின்றவர் அவர்.

“ஓம்” என்றேன்.



“சேர்,” என்றார் தவமணி, “இது உண்மையான ஓமோ, இல்லாட்டி எங்கட ஓமோ?”